அந்த நிமிடத்துக்கான இசைக்கு ஆல்பம் எதற்கு? ஏஎம்எம் குழுவின் முதல் பதிவை முன்வைத்து

வாசகர் கேள்வி, ஜனவரி 11

"ஏஎம்எம் குழுவின் முதல் ஆல்பத்தைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். உலோகத்தை உரசுகிற சத்தம், நடுவில் ரேடியோ, எங்கோ ஒரு செல்லோ. யார் வேண்டுமானாலும் செய்யலாம் போலிருக்கிறது. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. எந்த ஏற்பாடும் இல்லாமல் அந்த நிமிடத்துக்காக மட்டும் வாசிப்பதுதான் இவர்கள் கொள்கை என்கிறார்கள். அப்படியானால் அதைப் பதிவு செய்து விற்பானேன்? நாம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பானேன்?"

ஜனவரி 11, மாலை

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. "யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்பதற்கு அப்புறம் வருகிறேன். ஆல்பம் எதற்கு என்ற இரண்டாவது கேள்வி பல வருடமாக என்னையும் குடைகிறது. ஒரே மூச்சில் பதில் வராது. தோன்றத் தோன்ற எழுதுகிறேன்.

முதலில் தகவல். ஏஎம்எம் என்பது முன்திட்டமில்லாமல் வாசிக்கும் லண்டன் குழு, நாம் பேசும் ஆல்பத்தின் பெயர் 'ஏஎம்எம் மியூசிக்'. 1966 ஜூன், லண்டன் செல்சி பகுதி. ஒரு காலத்தில் பால் பண்ணையாக இருந்த கட்டடத்தில் சவுண்ட் டெக்னிக்ஸ் என்ற ஸ்டுடியோ. வாசித்தவர்கள் ஐந்து பேர். கீத் ரோவிடம் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவும். லூ கேர் டெனர் சாக்ஸஃபோனும் வயலினும். எடி ப்ரெவோ டிரம்ஸ். லாரன்ஸ் ஷெஃப் செல்லோ, அக்கார்டியன், கிளாரினெட், இன்னொரு ரேடியோ. கார்னீலியஸ் கார்டியூ பியானோ, செல்லோ, அவரிடமும் ஒரு ரேடியோ. அடுத்த ஆண்டு எலெக்ட்ரா நிறுவனம் இதை வெளியிட்டது. தி டோர்ஸ் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்ட அதே எலெக்ட்ரா, அதே 1967. அட்டையில் ரோ வரைந்த மஞ்சள் லாரி. இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படி. பின்னாளில் குறுந்தகடாக வந்தபோது அதே ஜூன் பதிவுகளிலிருந்து கூடுதல் பகுதிகள் சேர்ந்தன. நான் வைத்திருப்பது அதுதான்.

ரோ, கேர், ஷெஃப் மூவரும் மைக் வெஸ்ட்புரூக்கின் ஜாஸ் குழுவில் இருந்தவர்கள். ப்ரெவோவும் ஜாஸ் டிரம்மர். கார்டியூ முற்றிலும் வேறு உலகம். ஜெர்மனியின் கொலோனில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனுக்கு உதவியாளராக இருந்துவிட்டு வந்தவர். அப்போது அவர் கோடும் வட்டமுமாக 193 பக்கம் நீளும் ஓர் இசைப்பிரதியை வரைந்துகொண்டிருந்தார். அதை வாசிக்கத் துணிந்தவர்களைத் தேடிப் போனதில்தான் இந்தக் குழுவோடு சேர்ந்தார். ஜாஸை விட்டு வெளியேற நினைத்தவர்களும், எழுதி வைத்து வாசிக்கும் இசையை விட்டு வெளியேற நினைத்த ஒருவரும் ஓர் அறையில் சந்தித்திருக்கிறார்கள். கேட்கும்போது இது மனதில் இருந்தால் நல்லது.

ஜனவரி 11, இரவு

உங்கள் சந்தேகத்துக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். கார்டியூவே அவர்.

1971இல் வந்த ஒரு கட்டுரையில் அவர் சொல்வது இதுதான்: முன்திட்டமில்லாத வாசிப்பின் ஒலிப்பதிவு அடிப்படையில் வெறுமையானது. என்ன வடிவம் எடுத்தது என்பதை அது காட்டும். அந்த இடத்தையும் நேரத்தையும் அது தராது. வாசிப்பு பிறந்ததே அந்த அறையிலிருந்துதான் என்கிறார். அறையின் அமைப்பு, அதில் ஒலி திரும்பும் விதம், ஜன்னல் வழியே தெரியும் காட்சி வரை எல்லாம் அதில் சேர்த்தி. இவ்வளவும் சொன்னவர் ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். பதிவு முடிந்து ஐந்து வருடம் கழித்து இப்படி எழுதியிருக்கிறார்.

ஆக, "ஆல்பம் எதற்கு" என்பது வெளியிலிருந்து வரும் கேலிக் கேள்வி கிடையாது. குழுவுக்குள்ளேயே இருந்த கேள்வி.

ஜனவரி 14

"உலோகத்தை உரசுகிற சத்தம்" என்று எழுதியிருந்தீர்கள். அதில் பெரும்பகுதி கிட்டார்தான்.

ரோ ஓவியம் படித்தவர். ஓவியப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் தன்னிடம் சொன்னதாக அவர் நினைவுகூர்வது உண்டு: காரவாஜியோவின் ஓவியத்தைக் காரவாஜியோ மட்டும்தான் வரைய முடியும், உன்னால் முடியாது. அமெரிக்க ஜாஸ் கிட்டார்க்காரர்களைப் பார்த்து வாசிக்கும் தானும் அதையேதான் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஜாக்சன் போலக் துணியைத் தரையில் விரித்துப் போட்டு வண்ணம் தெளித்தார் அல்லவா? ரோ கிட்டாரை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தார். சுருதி கூட்டுவதையும் விட்டுவிட்டார். படுக்க வைத்த மாத்திரத்தில் இடது கை வலது கை பழக்கம் அத்தனையும் உதவாமல் போகும். மிஞ்சுவது ஆறு கம்பி, அதற்கடியில் காந்தம்.

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆனால் அந்தச் சுருளுக்குக் கம்பி வேறு, மோட்டார் வேறு என்ற பாகுபாடு தெரியாது. கையில் பிடிக்கும் குட்டி மின்விசிறியை அருகே கொண்டுபோனால் அதன் மோட்டாரின் காந்தப்புலமே உள்ளே புகுந்து ஒலியாக வரும். ரேடியோவின் ஸ்பீக்கரை ஒட்டி வைத்தால் அதிலுள்ள சுருளோடு பேசும். வாத்தியமும் மின்கருவியும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாத இந்த இடம்தான் எலெக்ட்ரோ-அகௌஸ்டிக் (மின்னொலியும் வாத்திய ஒலியும் கலந்த இசை) என்ற பெயருக்குப் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன். ப்ரெவோ டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலை வில்லால் இழுக்கும்போது அது மின்சாரம் எதுவும் இல்லாமலேயே மின்னணு ஒலி மாதிரி வருகிறது. ரோவின் கிட்டார் மின்சாரத்தோடு, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி வருகிறது. இருவரும் நடுவழியில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

நானும் ஒரு பழைய கிட்டாரைக் கட்டிலில் கிடத்தி இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஸ்டீல் ஸ்கேலைக் கம்பிக்கு இடையில் செருகினேன், ஸ்பிரிங்கைப் போட்டு உருட்டினேன், பேட்டரி விசிறியைப் பிடித்தேன். முதல் சத்தங்கள் அருமையாக வந்தன. ஸ்கேலைச் செருகிய இடத்தை ஒரு விரல்கடை நகர்த்தினால் மணி மாதிரி ஒலித்தது கரகரப்பாக மாறியது. கொஞ்ச நேரத்தில் கையிருப்பு தீர்ந்துபோனது. அடுத்து என்ன என்று தெரியாமல் முதல் சத்தத்துக்கே திரும்பிப் போனேன். அப்போதுதான் ரோவை வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். ஒரே ஒலியில் நிமிடக்கணக்காகத் தங்கியிருக்கிறார், அதிலேயே இண்டு இடுக்கெல்லாம் போய் வருகிறார். அதற்கு வேறுவிதமான கைத்திறன் வேண்டும்.

ஜனவரி 15

ரேடியோ பற்றி மறுபடி எழுதிக் கேட்டிருந்தீர்கள், "அதை வைப்பது சோம்பேறித்தனம் இல்லையா" என்று.

ரேடியோவை வாத்தியமாக்கியது இவர்கள் முதல் முறை இல்லை. இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951இலேயே 12 ரேடியோவுக்கு ஓர் உருப்படி எழுதிவிட்டார், ரேடியோவுக்கு இரண்டு பேர் வீதம் 24 பேர் வாசிப்பது. ஆனால் கேஜ் எப்போது முள்ளைத் திருப்ப வேண்டும், எப்போது ஒலியைக் கூட்ட வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். ஏஎம்எம்மில் யார் எப்போது போடுவார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

1966இல் பிரிட்டனில் ரேடியோ முள்ளைத் திருப்பினால் பிபிசி வரும், கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பிய திருட்டு நிலையங்களின் பாப் பாட்டும் வரும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சட்டம் போட்டு அந்தக் கப்பல்களை நெருக்கினார்கள். அதனால் அந்த ஆல்பத்தில் ரேடியோ தலைகாட்டும்போதெல்லாம், ஸ்டுடியோவுக்கு வெளியே அந்த மாதம், அந்த மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த நாடு உள்ளே வருகிறது. இடமும் நேரமும் பதிவில் இல்லை என்று கார்டியூ சொன்னார். ரேடியோ வரும் அந்த நொடிகளிலாவது இருக்கிறது என்பேன் நான்.

ஜனவரி 19

சரி, "யார் வேண்டுமானாலும் செய்யலாம்."

செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. நானும் இரண்டு நண்பர்களும் செய்தோம். ஒருவரிடம் ஹார்மோனியம், ஒருவரிடம் பழைய ஒலி மிக்ஸரும் காண்டாக்ட் மைக்கும், என்னிடம் மேற்படி கிட்டார். காண்டாக்ட் மைக் பொருளின் அதிர்வை மட்டுமே பிடிக்கும், காற்றில் வருவது அதற்குக் கேட்காது. தட்டு, கண்ணாடி, கதவு எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம். நண்பர் அதை ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒட்டியிருந்தார். அரிசியை அதில் மெல்ல வழிய விட்டபோது அறை முழுக்க மழை. அவ்வளவு அழகான சத்தம்.

நடந்தது என்ன? அவர் ஒரு சத்தம் போட்டால் நான் உடனே பதில் சத்தம் போட்டேன். நான் உரத்தால் அவரும் உரத்தார். யாராவது நிறுத்தினால் எல்லோரும் நிறுத்தினோம், உடனே ஒருவர் பதறிப்போய் அதை நிரப்பினார். மாலைக்குள் மூன்று பேரும் ஒரே உருவத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தோம்: மெதுவாகத் தொடங்கு, ஏறு, உச்சத்தில் கத்து, இறங்கு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக அங்கே போய் விழுந்தது. சுதந்திரமாக வாசிக்க உட்கார்ந்தவர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒரே அச்சுக்குள் போய்விட்டோம்.

இப்போது அந்த ஐந்து பேரை நினைத்துப் பாருங்கள். கார்டியூ சேர்வதற்கு முன்பே, 1965 முதல், குழு வாராவாரம் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் கட்டடத்தில் கூடி வாசித்துவந்தது. என்ன வாசிக்கப் போகிறோம் என்று முன்பும் பேசுவதில்லை, என்ன வாசித்தோம் என்று பின்பும் அலசுவதில்லை. பல நேரம் அரையிருட்டில் வாசித்தார்கள். யாருடைய வாத்தியத்திலிருந்து எந்த ஒலி வருகிறது என்பது வாசிப்பவர்களுக்கே புரியாத நிலை வந்திருக்கிறது. தன் சத்தம் எது என்று தெரியாதவன் எதற்குப் பதில் சொல்வான்? எங்கள் மூன்று பேரைப் பிடித்த அந்த நோய்க்கு அவர்கள் கண்ட மருந்து அதுதான்.

எங்கள் மாலையை நாங்களும் ஃபோனில் பதிவு செய்தோம். தாம்பாள மழை வரும் இடத்தை மட்டும் இப்போதும் கேட்பதுண்டு.

ஜனவரி 20

கொஞ்சம் விலகிப் போகிறேன். லண்டனில் இது நடந்த அதே காலத்தில் ரோமில் இரண்டு குழுக்கள் இதே வழியில் இருந்தன. ஒன்று, ஃபிராங்கோ எவாஞ்சலிஸ்டி 1964இல் தொடங்கிய நுவோவா கொன்சொனான்சா குழு. இசையமைப்பாளர்கள் மட்டுமே சேர்ந்து முன்திட்டமில்லாமல் வாசிப்பது அவர்கள் விதி. அதில் ட்ரம்பெட் வாசித்தவர் யார் தெரியுமா? என்னியோ மோரிக்கோனி. கௌபாய் படங்களுக்கு இசையமைத்த அதே மோரிக்கோனி, அதே ஆண்டுகளில். பகலில் திரைக்கு விசிலும் சாட்டையும், மற்ற நேரத்தில் ட்ரம்பெட்டுக்குள் மூச்சும் உறுமலும். அவருடைய படங்களில் வரும் விசித்திர ஒலிகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தவர்கள் அந்தக் குழுவைக் கேட்டால் நிறைய புரியும்.

இன்னொன்று எம்இவி (முசிகா எலெத்ரோனிகா வீவா). 1966இல் ரோமில் தங்கியிருந்த அமெரிக்கர்கள்: ஃபிரெடெரிக் ஜெவ்ஸ்கி, ஆல்வின் கரன், ரிச்சர்ட் டைட்டல்பாம். ஜெவ்ஸ்கி ஒரு கண்ணாடிப் பலகையில் காண்டாக்ட் மைக்கை ஒட்டிச் சுரண்டி வாசித்தார். 1970இல் ஒரே இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏஎம்எம், மறுபக்கம் எம்இவி என்று வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் குணவேறுபாடு பளிச்சென்று தெரியும். எம்இவி கூட்டத்தை உள்ளே இழுக்கும். ஏஎம்எம் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கும். எனக்குச் சாத்திய கதவுதான் பிடிக்கிறது.

ஜனவரி 27

இவ்வளவு நாளும் ஹெட்ஃபோனில்தான் கேட்டுவந்தேன். இந்த வாரம் ஸ்பீக்கரில் போட்டேன், ஒலியைக் குறைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து.

முதல் பக்கத்தின் அடர்த்தியான பகுதி முடிந்து மெலிந்து போகும்போது மின்விசிறியின் சத்தம் தெரிய ஆரம்பித்தது. அப்புறம் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். தண்ணீர் ஏறும் அந்த ரீங்காரமும் ரோவின் கிட்டார் ரீங்காரமும் கொஞ்ச நேரம் பிரியவே இல்லை. மோட்டார் நின்றபோது இசையில் ஒருவர் எழுந்து போனது மாதிரி இருந்தது.

கார்டியூவுக்கு என் பதில் இதுவாக இருக்கலாம் என்று பட்டது. அந்த அறை பதிவில் வரவில்லை, சரி. ஆனால் இந்த இசைக்குத் தன்னைச் சுற்றி இருப்பதைத் தள்ளி வைக்கும் குணம் இல்லை. செல்சி அறை போன இடத்தில் என் அறை வந்து உட்கார்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் அது புதிதாக நடக்கிறது.

ஜனவரி 28

நேற்று எழுதியதை இன்று படித்தபோது நிறைவு வரவில்லை. அறைச் சத்தம் எந்த இசையோடும் கலக்கும். பக்திப் பாடல் ஓடும்போதும் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடத்தான் செய்கிறது. அதனால் அது ஆல்பத்தின் பெருமையாகாது. தவிர, பல வருடம் கேட்டதில் எனக்கு இது மனப்பாடம் ஆகிவிட்டது. ரேடியோ எப்போது வரும் என்று தெரியும், செல்லோ இழுவை எங்கே தேயும் என்று தெரியும். அவர்களுக்கு எதிர்பாராததாக இருந்தது எனக்கு எதிர்பார்த்ததாகிவிட்டது. உங்கள் கேள்வியின் முழு கனமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது: திரும்பக் கேட்கக் கேட்க அது எழுதி வைத்த இசை மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் ஒன்று மட்டும் மனப்பாடம் ஆகவில்லை. யார் எதை வாசிக்கிறார்கள் என்பது. இத்தனை வருடம் கழித்தும் அந்த நீண்ட உரசல் வில் பட்ட சிம்பலா, கிட்டார்க் கம்பியில் உலோகமா, செல்லோவில் கம்பியைத் தாங்கும் பாலத்துக்குப் பின்னால் இழுத்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் ஒன்று என்று கேட்கிறது, இன்னொரு நாள் மற்றொன்று. அங்கே மேடையில் இருந்திருந்தால் கண் காட்டிக் கொடுத்திருக்கும். அரையிருட்டில் வாசித்தவர்கள் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்ட அந்தப் புரியாமை நேரில் பார்த்தவர்களைவிட ஆல்பம் கேட்கும் நமக்குத்தான் முழுசாகக் கிடைக்கிறது. கார்டியூ சொன்ன இழப்பு உண்மை. ஆனால் குழுவின் உயிர்நாடியான ஒரு விஷயம் பதிவில் கூடியிருக்கிறது. ஆல்பம் எதற்கு என்பதற்கு இப்போதைக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இதுதான்.

பிப்ரவரி 2

இதே கேள்வியை வேறொரு ஆல்பத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கீத் ரோவும் ஜான் டில்பரியும் சேர்ந்து வாசித்தது, 2003 ஜனவரியில் பிரான்சின் நான்சி நகரை ஒட்டிய வாந்தூவ்ரில் பதிவானது. எர்ஸ்ட்வைல் என்ற சிறு நிறுவனம் இரட்டைக் குறுந்தகடாக வெளியிட்டது. பெயர் 'டியூயோஸ் ஃபார் டோரிஸ்'. முதல் தகடு முழுக்க ஒரே உருப்படி, எழுபது நிமிடத்துக்கு மேல்.

டில்பரி பியானோக்காரர். மார்ட்டன் ஃபெல்ட்மனின் மெல்லிய, நீளமான பியானோ இசையை வாசிப்பதில் பெயர் பெற்றவர். 1980 வாக்கில் ஏஎம்எம்மில் சேர்ந்து ரோ, ப்ரெவோ இருவரோடும் இருபது வருடத்துக்கு மேல் வாசித்தவர். டோரிஸ் அவருடைய அம்மா. இந்தப் பதிவுக்குச் சில நாள் முன்புதான் இறந்துபோனார். டில்பரி பதிவைத் தள்ளிப்போடாமல் வந்து வாசித்தார்.

இந்தத் தகவல் தெரிந்த பிறகு அந்தப் பியானோவை எப்படிக் கேட்பது? ஒரு சுரம் தொட்டுவிட்டு நெடுநேரம் எதுவும் இல்லை. பிறகு அதற்குப் பக்கத்துச் சுரம். கீழே ரோவின் கிட்டாரிலிருந்து மின்சார முனகல் ஒன்று நூலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் டில்பரிக்குப் பதில் எதுவும் சொல்வதில்லை, ஆறுதல் போல எதையும் வாசிப்பதில்லை. சில இடத்தில் கடுமையான கரகரப்பை நடுவில் கொண்டுவந்து போடுகிறார். முதலில் கேட்டபோது அது இரக்கமில்லாதது போலத் தோன்றியது. கேட்கக் கேட்க, டில்பரி அந்தக் கரகரப்புக்குப் பின் தொடும் சுரங்கள்தான் முழுப் பதிவிலும் ஆகத் தெளிவானவை என்று படுகிறது.

சோகத்தை அதில் தேடிக் கண்டுபிடிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. டில்பரி எந்த நாளிலும் ஏறக்குறைய இவ்வளவு மெல்லத்தான் வாசிப்பார். தகவல் தெரியாமல் கேட்டிருந்தால் அழகான, நிதானமான ஒரு வாசிப்பு என்று மட்டும் சொல்லியிருப்பேன். ஆனால் தகவல் அட்டையிலேயே இருக்கிறது, பெயரிலேயே இருக்கிறது. அவர்களே அதை நம் கையில் கொடுக்கிறார்கள். அப்பா தவறிய பிறகு சில மாதம் எனக்கு எந்தப் பாட்டும் கேட்கப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டும் என்னிடம் ஏதோ ஒன்றை உணரச் சொன்னது. இந்த ஆல்பம் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இதை மட்டும் கேட்க முடிந்தது. சாமான் ஒதுக்கும்போது ஓடும், சும்மா படுத்திருக்கும்போது ஓடும்.

கார்டியூ அதே 1971 கட்டுரையின் கடைசியில் இசைக்கலைஞன் வளர்த்துக்கொள்ளக்கூடிய ஏழு நற்குணங்களைப் பட்டியலிடுகிறார். எளிமை, நேர்மை, தன்னலமின்மை, பொறுமை, ஆயத்தம், இயற்கையோடு ஒன்றுதல் என்று போய் ஏழாவதாக மரணத்தை ஏற்றுக்கொள்வது. இசையின் பெரிய பலவீனமும் அதன் பேரழகும் அது நிலைக்காமல் போவதுதான், முன்திட்டமில்லாத வாசிப்பு அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது என்கிறார். முன்பு இதைப் படித்தபோது பெரிய வார்த்தையாகத் தெரிந்தது. 2003 ஜனவரியில் வாசிக்க வந்து உட்கார்ந்த டில்பரியை வைத்துப் படித்தால் அன்றாட வேலை பற்றிய குறிப்பு மாதிரி தெரிகிறது.

பிப்ரவரி 3

பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவோடு ஏஎம்எம்முக்கு இருந்த தொடர்பு உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மை. 1966இல் லண்டனில் இரு குழுவும் ஒரே மேடைகளில் வாசித்திருக்கின்றன. பிங்க் ஃபிளாய்டின் கிட்டார்க்காரர் சிட் பாரெட் ரோவின் கையைக் கூர்ந்து கவனித்தவர். கம்பியின் மேல் உலோகப் பொருளை உருட்டும் பழக்கம் அங்கிருந்து அவருக்கு வந்தது. பிங்க் ஃபிளாய்டின் மேலாளர்களில் ஒருவராக ஆன பீட்டர் ஜென்னர் இந்த ஏஎம்எம் ஆல்பத்தின் தயாரிப்பிலும் பங்குள்ளவர். ஆனால் அதற்காக இதைக் கேட்காதீர்கள். பாரெட்டுக்கு முன்னோட்டம் என்று நினைத்து வந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஏமாற்றம்தான்.

பிப்ரவரி 9

"கூட்டு ஆல்பம் என்கிறீர்கள், ஆனால் ரோ, கார்டியூ என்று இரண்டு பேரைத்தானே பேசுகிறீர்கள்" என்று ஒருவர் கேட்டது நியாயம். பேச உட்கார்ந்தால் ஆள் பெயர் வந்துவிடுகிறது. லூ கேரைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை, அவரைத்தான் நான் அதிகம் தேடிக் கேட்கிறேன். சாக்ஸஃபோன் என்றால் முன்னால் வந்து நிற்கும் வாத்தியம். ஜாஸில் அதுதான் கதாநாயகன். கேர் அதை வைத்துக்கொண்டு பின்சுவரோடு ஒட்டி நிற்கிறார். ஒரே நீள மூச்சு, கிட்டாரின் ஓலத்துக்குள் கரைந்து, எப்போது தொடங்கியது என்றே தெரியாமல். அப்படி வாசிக்க ஜாஸ்காரர் ஒருவர் எவ்வளவு ஆசையை விட வேண்டியிருந்திருக்கும்!

ஆல்பத்தின் பின்னட்டையில் குழு அச்சிட்ட குறிப்புகளில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு குழுவின் அதிகாரம் வலுவான ஓர் ஆளைச் சார்ந்ததா, அல்லது பல மனங்கள் சேரும்போது யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் எல்லோராலும் ஆன வேறோர் அதிகாரம் உருவாகுமா என்று. அவர்கள் அதற்கு விடை எழுதவில்லை. அவர்கள் வாழ்க்கையும் நேரான விடை தரவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கார்டியூவும் ரோவும் மாவோயிச அரசியலுக்குள் போனார்கள், குழு இரண்டாகியது. கேரும் ப்ரெவோவும் இருவராகத் தொடர்ந்தார்கள். கார்டியூ தான் வாசித்த இந்த மாதிரி இசையையே மக்களுக்கு உதவாதது என்று ஒதுக்கினார். 1981 டிசம்பர் 13 அன்று கிழக்கு லண்டனில் அவரை ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போனது. அவருக்கு 45 வயது. பிறகு 2004இல், ப்ரெவோ எழுதிய ஒரு புத்தகத்தில் வந்த விமர்சனங்களை ஒட்டி ரோ குழுவை விட்டு விலகினார். பத்து வருடத்துக்கு மேல் ஆனது மறுபடி சேர்ந்து வாசிக்க.

வாசித்த பிறகு அலசாமல் எழுந்து போன ஆட்கள் கடைசியில் ஒரு புத்தகத்தை வைத்துப் பிரிந்தார்கள் என்பது என்னை ரொம்பப் பாதிக்கிறது. பேசாமல் இருந்ததுதான் அவர்களைச் சேர்த்து வைத்ததோ என்றுகூடத் தோன்றுகிறது. 1966 பதிவில் இந்தப் பிளவு எதுவும் இல்லை. யார் தலைவர் என்று காதால் கண்டுபிடிக்க முடியாத ஐந்து பேர் அதில் இருக்கிறார்கள். ஒரு வருடம் தள்ளி, அல்லது பத்து வருடம் தள்ளிப் பதிவு செய்திருந்தால் அது கிடைத்திருக்காது. ஆல்பம் எதற்கு என்ற கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாடு ஒரு காலத்தில் சாத்தியமாக இருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் நம்மிடம் இல்லை.

பிப்ரவரி 16

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் இது.

ஏஎம்எம் முதல் ஆல்பத்தில் தொடங்க வேண்டாம். 'டியூயோஸ் ஃபார் டோரிஸ்' முதல் தகடு, ராத்திரி, ஒலி குறைவாக. பியானோ ஒரு பிடிமானம் தரும். அது ஒத்துவந்தால் ரோவும் டொஷிமாரு நகமுராவும் 2001இல் வெளியிட்ட 'வெதர் ஸ்கை'. நகமுரா ஒலி மிக்ஸரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி, வெளியிலிருந்து எந்த ஒலியும் கொடுக்காமல், அது தனக்குள் முனகுவதை வாசிப்பவர். அதில் பிடிமானம் எதுவும் கிடையாது, ஆனால் கரடுமுரடும் கிடையாது.

அதற்கப்புறம் 1966க்குப் போங்கள். அது உரக்கக் கேட்க வேண்டியது. பத்து நிமிடத்தில் நிறுத்தியவர் இந்த முறை ஒரு பக்கத்தையாவது முழுசாக ஓட விடுங்கள், இடையில் எழுந்து வேலை பார்த்தாலும் பரவாயில்லை. பிறகு 1968 ஜூன் 12 அன்று லண்டனில் கிரிப்ட் என்ற இடத்தில் நடந்த வாசிப்பு. ப்ரெவோ நடத்தும் மேட்ச்லெஸ் நிறுவனம் அதை இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. ஷெஃப் போய் கிறிஸ்டஃபர் ஹாப்ஸ் வந்த குழு. 1966ஐவிட நீளம், இன்னும் இருட்டு. அதில் கேரின் மூச்சை எங்கே கேட்டீர்கள் என்று நிமிடக் கணக்கோடு எழுதுங்கள், நான் குறித்து வைத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.